இரட்டை இயங்குதள மடிக்கணினியில் ஒன்றை மட்டும் மீண்டும் நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் இருக்கும்போது, அவற்றுள் ஒன்று பழுதாகி, அதை மட்டும் திரும்ப நிறுவ வேண்டிய நாள் எப்போதாவது வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கும், உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்ற பரவலான லினக்ஸ் வகைகளுக்கும் பொருந்தும். பார்ட்டிஷன் என்று எல்லோரும் சொல்வதை விடைகளில் ‘பிரிவு’ என்று எழுதியுள்ளேன்.

ஒன்றை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் போட முடியுமா, இல்லை இரண்டையும் முதலிலிருந்து போட வேண்டுமா?

ஒன்றை மட்டும் நிறுவ முடியும். இரண்டு இயங்குதளங்களும் வட்டின் வெவ்வேறு பிரிவுகளில் இருப்பதால், ஒன்றின் பிரிவை அழிப்பது மற்றதன் கோப்புகளைத் தொடுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவானவை இரண்டு உண்டு: கணினியை எழுப்பும் பூட்லோடர்கள் குடியிருக்கும் சிறிய இஎஃப்ஐ பிரிவு ஒன்று, எதை முதலில் எழுப்புவது என்று தாய்ப்பலகையின் நினைவகத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் வரிசை மற்றொன்று. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இந்தப் பொதுச் சொத்தில் கைவைத்ததாலோ, நிறுவும் திரையில் தவறான பிரிவைத் தொட்டதாலோ நேர்ந்தவை.

திரும்ப நிறுவியே ஆக வேண்டுமா? வேறு வழி எதுவும் இல்லையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கப்படுகிறது. பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று கேட்கும் லினக்ஸ் மெனு (அதைக் காட்டும் பூட்லோடரின் பெயர் கிரப்) வரவில்லை என்றால், அதற்காக எதையும் திரும்ப நிறுவத் தேவையில்லை. கீழே மெனுவைப் பற்றிய விடையைப் பாருங்கள். விண்டோஸ் தடுமாறுகிறது, ஆனால் உள்ளே நுழைய முடிகிறது என்றால், விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டு முழுவதும் ஒரே கோப்பாக) திறந்து அதிலுள்ள செட்டப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே இயக்கலாம். செயலிகளும் கோப்புகளும் அப்படியே இருக்க, அமைப்புக் கோப்புகள் மட்டும் புதிதாகும். லினக்ஸ் எழ மறுத்தால், கிரப் மெனுவிலுள்ள மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் முந்தைய பதிப்பை முயன்று பாருங்கள்.

‘ரீசெட் திஸ் பிசி’ என்ற வசதியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் நீக்கு என்று தெரிந்தெடுத்தால், விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமா, எல்லா டிரைவ்களையுமா என்ற கேள்வி அதன் அமைப்புகளுக்குள் இருக்கும். முன்னதையே தெரிந்தெடுக்க வேண்டும். மடிக்கணினி நிறுவனம் தந்த மீட்பு வட்டைப் பயன்படுத்தினால் இந்தக் கேள்வி வராமலே போகலாம்; தொழிற்சாலை நிலைக்குத் திருப்புகிறேன் என்று முழு வட்டையும் துடைக்கும் வட்டுகள் உண்டு.

நான் உருவாக்காத குட்டிக் குட்டிப் பார்ட்டிஷன்கள் நிறைய இருக்கின்றனவே, அவற்றை அழித்து இடத்தை மிச்சம் பிடிக்கலாமா?

வேண்டாம். அவற்றுள் ஏறத்தாழ 100 எம்பி, சில மடிக்கணினிகளில் 260 எம்பி அல்லது அதற்கும் மேல் அளவுள்ள, ஃபேட்32 முறையிலான பிரிவுதான் இஎஃப்ஐ பிரிவு. அதைத் திறந்து பார்த்தால் மைக்ரோசாஃப்ட், உபுண்டு, பூட் என்று தனித்தனிக் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வோர் இயங்குதளமும் தன் பூட்லோடரைத் தன் கோப்புறைக்குள் வைத்துக்கொள்வதால்தான் ஒரே பிரிவில் இரண்டும் சண்டையின்றி இருக்கின்றன. 16 எம்பி அளவில் இருப்பது விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட இடம். சில நூறு எம்பி அளவிலுள்ளது விண்டோஸின் பழுதுநீக்கக் கருவிகள் இருக்கும் மீட்புப் பிரிவு. இவை அனைத்தையும் சேர்த்து அழித்தாலும் கிடைக்கும் இடம் ஒரு திரைப்படத்துக்குக்கூடப் போதாது.

நிறுவும் திரையில் எது விண்டோஸ், எது லினக்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

ஒரே மாதிரி தெரிவது உங்கள் குற்றம் இல்லை. விண்டோஸ் நிறுவிக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை தெரியாது. ஆகவே ‘டிஸ்க் 0, பார்ட்டிஷன் 5’ என்ற எண்ணும், மொத்த அளவும், ‘பிரைமரி’ என்ற சொல்லும் மட்டுமே காட்டும். உங்கள் விண்டோஸ் இருக்கும் பிரிவுக்கும் அதே ‘பிரைமரி’தான். நம்பத்தக்க அடையாளம் அளவு ஒன்றே. எனவே நிறுவத் தொடங்கும் முன், இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் பிரிவுகளின் பட்டியலைத் திறந்து, வரிசை எண், அளவு, கோப்பு முறை, உள்ளே இருப்பது என்ன என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளில்தான் எழுத வேண்டும். அதே மடிக்கணினியில் சேமித்துவைத்த குறிப்பை நிறுவும் நேரத்தில் திறக்க முடியாது.

அளவைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்கிடுகிறது. க்னோம் டிஸ்க்ஸ் போன்ற லினக்ஸ் செயலிகள் 1000-ஆல் வகுக்கின்றன. விண்டோஸில் 100 ஜிபி என்று தெரியும் பிரிவு அங்கே 107 ஜிபி என்று தெரியும். முடிந்தால் இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸின் சி, டி டிரைவ்களுக்கு ஒரு பெயர் இட்டுவைத்தால், நிறுவும் திரையில் அந்தப் பெயரும் தெரியும். பெயரில்லாதவை லினக்ஸ் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 118 ஜிபி, 120 ஜிபி என்று அடுத்தடுத்து இருந்த இரு பிரிவுகளில் எதைத் தேர்வது என்ற ஐயமே எழாமல், பழக்க வேகத்தில் ஒருமுறை முதலாவதை அழித்தேன். அதில் இருந்தது விண்டோஸ் இல்லை. என் லினக்ஸ் ஹோம், அதாவது என் சொந்தக் கோப்புகள் இருந்த பிரிவு.

நான் அழிக்கப்போவது விண்டோஸை மட்டும்தானே, லினக்ஸுக்கும் எதற்கு பேக்கப்?

மேலே சொன்ன 118 ஜிபிதான் விடை. அழிக்காமல் விடப்போவதையும் சேர்த்தே பேக்கப் எடுக்க வேண்டும். அதுவும் வெளி வட்டில். அத்துடன் பலரும் மறக்கும் ஒன்று, இஎஃப்ஐ பிரிவின் நகல். லினக்ஸில் அது பூட் கோப்புறைக்குள் இஎஃப்ஐ என்ற பெயரில் தெரியும். சில பத்து எம்பி இருக்கும் அந்தக் கோப்புறையை நிர்வாகி உரிமையுடன் பென் டிரைவில் நகலெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

விண்டோஸ் உரிமத்தைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் உரிம எண் தாய்ப்பலகையின் ஃபர்ம்வேரிலேயே (வட்டில் அல்லாமல் தாய்ப்பலகையிலேயே இருக்கும் மென்பொருள்) பதிந்திருக்கிறது. நிறுவி அதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஹோம் பதிப்புக்கு ஹோம், ப்ரோவுக்கு ப்ரோ என்று முன்பிருந்த அதே பதிப்பை நிறுவினால் போதும்.

பிட்லாக்கர் கீயைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் பிட்லாக்கரே போடவில்லையே?

நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் பிட்லாக்கரின் வட்டு குறியாக்கம், அதாவது சாவியின்றி வட்டைப் படிக்க முடியாதபடி பூட்டுவது, தானே தொடங்கிவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமான கணினிகளுக்கு விரிவாகியிருக்கிறது. அமைப்புகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்பதைத் திறந்து பார்த்தால் நிலை தெரிந்துவிடும். 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு கருவியிலிருந்து உள்நுழைந்து அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விண்டோஸையே அழிக்கப்போகும்போது அதன் சாவி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சி டிரைவுக்குத் தேவையில்லை என்பது சரி. ஆனால் டி டிரைவும் குறியாக்கப்பட்டிருந்தால், இதுவரை அது தானாகத் திறந்துகொண்டதற்குக் காரணம் அதன் சாவி சி டிரைவிலுள்ள விண்டோஸில் இருந்ததுதான். சி போனபின் டி-யைத் திறக்க, டி-க்கு உரிய 48 இலக்க எண் வேண்டும். லினக்ஸை மட்டும் திரும்ப நிறுவுவோருக்கும் இது பொருந்தும்: பூட் வரிசையையோ, நம்பகமான பூட்லோடர்களை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்கக்கூடும்.

பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிகிறது. எதை அழுத்துவது?

பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருப்பதை. ஒன்று புதிய யுஇஎஃப்ஐ முறையிலும் மற்றது பழைய பயாஸ் முறையிலும் அதே பென் டிரைவை எழுப்பும். ஏற்கெனவே இருக்கும் இயங்குதளம் எந்த முறையில் நிறுவப்பட்டதோ, அதே முறையில்தான் இதையும் நிறுவ வேண்டும். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்ற செயலியில் பயாஸ் மோட் என்ற வரி இதைச் சொல்லும். கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய மடிக்கணினி என்றால் அநேகமாக யுஇஎஃப்ஐதான்.

தவறிப்போய் மற்றதை அழுத்தியவர்களுக்கு, தேர்ந்தெடுத்த வட்டு ஜிபிடி வகையைச் (யுஇஎஃப்ஐ முறைக்கு உரிய பிரிவு அட்டவணை; எம்பிஆர் என்பது பழைய வகை) சேர்ந்தது, ஆகவே இதில் விண்டோஸை நிறுவ முடியாது என்ற செய்தி வரும். உடனே இணையத்தில் தேடினால், கட்டளைத் திரையைத் திறந்து வட்டை ‘கிளீன்’ செய்து எம்பிஆர் வகைக்கு மாற்றச் சொல்லும் யோசனை முதலில் கிடைக்கும். அந்த ஒரு சொல் வட்டின் எல்லாப் பிரிவுகளையும் ஒரு நொடியில் அழித்துவிடும்; லினக்ஸும் சேர்ந்து போகும். வட்டில் குறை ஏதும் இல்லை. கணினியை அணைத்து, பென் டிரைவின் இன்னொரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

விண்டோஸ் நிறுவியில் என் வட்டே தெரியவில்லை. வட்டு போய்விட்டதா?

இல்லை. இன்டெலின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் உள்ள மடிக்கணினிகள் பலவற்றில், வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அடுக்குக்குப் பின்னால் வட்டு இருக்கும். அதற்கான டிரைவர் நிறுவியில் இல்லாவிட்டால் வட்டு தெரியாது. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்டுங்கள். விஎம்டியையே அணைத்துவிடும் குறுக்குவழி, அது இயங்கும் நிலையில் நிறுவப்பட்ட விண்டோஸை எழ விடாமல் செய்துவிடும் என்பதால், லினக்ஸை மட்டும் நிறுவ வந்தவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

விண்டோஸை மட்டும் போடுகிறேன். அந்தத் திரையில் சரியாக எதை அழுத்த வேண்டும்?

எந்த வகை நிறுவல் என்று கேட்டால் ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரிவுகளின் பட்டியல் வந்ததும் உங்கள் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸ் இருந்த பெரிய பிரிவை மட்டும் தேர்ந்து, ‘ஃபார்மட்’ அழுத்தி, அதையே தேர்ந்த நிலையில் அடுத்ததற்குச் செல்லுங்கள். ‘டிலீட்’ பொத்தானுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. இஎஃப்ஐ பிரிவை நீங்கள் தொடாவிட்டாலும் நிறுவி அதைக் கண்டறிந்து, மைக்ரோசாஃப்ட் கோப்புறையை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும். உபுண்டு கோப்புறை அப்படியே இருக்கும்.

விண்டோஸ் 11-இன் அண்மைய நிறுவியில், கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாம் அழிக்கப்படும் என்பதை ஏற்கிறேன் என்ற கட்டம் ஒன்று முதலிலேயே வருகிறது. அதில் குறியிடாமல் மேலே செல்ல முடியாது என்பதால் பலர் அங்கேயே அஞ்சி நின்றுவிடுகிறார்கள். உண்மையில் எது அழியும் என்பது, அதற்குப் பின் வரும் பிரிவுப் பட்டியலில் நீங்கள் எதைத் தொடுகிறீர்கள் என்பதைப் பொறுத்ததே.

விண்டோஸ் போட்டு முடித்தேன். நேராக விண்டோஸுக்கே போகிறது, லினக்ஸ் மெனுவைக் காணோம். எல்லாம் போய்விட்டதா?

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. மெனு போவது வேறு, இயங்குதளம் போவது வேறு. விண்டோஸ் நிறுவி முடித்ததும் பூட் வரிசையில் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் கிரப், இஎஃப்ஐ பிரிவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கணினியை இயக்கியதும் பூட் மெனுவுக்கான விசையை அழுத்திப் பாருங்கள். நிறுவனத்துக்கு ஏற்ப எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அது மாறும். பட்டியலில் உபுண்டு அல்லது ஃபெடோரா என்ற பெயர் இருந்தால், அதைத் தேர்ந்ததும் பழைய மெனு எதுவும் நடவாததுபோல் வந்து நிற்கும். பிறகு பயாஸ் அமைப்புக்குள் சென்று அந்தப் பெயரை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

பட்டியலிலேயே பெயர் இல்லை என்றால், லினக்ஸ் பென் டிரைவிலிருந்து லைவ் முறையில், அதாவது எதையும் நிறுவாமலே, எழுப்பி, இஎஃப்ஐபூட்மேனேஜர் என்ற கருவியால் பதிவைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கட்டளைகளில் பழக்கமில்லாதவர்கள் பூட் ரிப்பேர் என்ற வரைகலைச் செயலியை லைவ் அமர்வில் நிறுவி இயக்கலாம். பழைய பயாஸ் முறைக் கணினிகளில் நிலைமை வேறு. அங்கே இஎஃப்ஐ பிரிவு கிடையாது. வட்டின் முதல் 512 பைட்டுகளில் இருந்த கிரப்பின் தொடக்கத்தை விண்டோஸ் உண்மையிலேயே அழித்து எழுதிவிடும். ஆகவே லைவ் அமர்விலிருந்து கிரப்பை வட்டில் மீண்டும் நிறுவ வேண்டும். அப்போதும் லினக்ஸ் பிரிவுக்கு எந்தச் சேதமும் இருக்காது.

லினக்ஸை மட்டும் போடுவதற்கு ‘வட்டை அழித்துவிட்டு நிறுவு’ என்பதைத் தேரலாமா?

கூடாது, அதன் பொருள் முழு வட்டும் என்பதே. பிரிவுகளை நாமே குறிக்கும் முறையைத் தேர வேண்டும். லினக்ஸ் நிறுவி, விண்டோஸ் நிறுவியைவிடப் பேச்சுத் தெளிவுள்ளது: என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4, ஃபேட்32 என்று கோப்பு முறையைச் சொல்லிவிடும். பழைய லினக்ஸ் இருந்த எக்ஸ்ட்4 பிரிவை ரூட் (லினக்ஸின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்) என்று குறித்து, ஃபார்மட் கட்டத்தில் குறியிடுங்கள். இஎஃப்ஐ பிரிவை அதற்குரிய பணிக்கு மட்டும் ஒதுக்கி, ஃபார்மட் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஹோம் தனிப் பிரிவாக இருந்தால் அதற்கும் அவ்வாறே. முன்பிருந்த அதே பயனர் பெயரைக் கொடுத்தால் பழைய கோப்புகளும் அமைப்புகளும் திரும்பக் கிடைக்கும்.

வேறொரு லினக்ஸ் வகைக்கு மாறுவோர், பழைய அமைப்புக் கோப்புகள் புதிய மேசைத்திரையைக் குழப்பக்கூடும் என்பதால், பழைய பயனர் கோப்புறையின் பெயரை மாற்றிவைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் பிறகு எடுத்துக்கொள்வது மேல்.

கவனிக்காமல் இஎஃப்ஐ பிரிவையும் ஃபார்மட் செய்துவிட்டேன். லினக்ஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை.

விண்டோஸ் அதன் பிரிவில் பத்திரமாக இருக்கிறது. அதை எழுப்பும் ஆள்தான் இல்லை. விண்டோஸ் பென் டிரைவிலிருந்து எழுப்பி, பழுதுநீக்கும் பகுதிக்குச் சென்று, கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் கருவியால் இஎஃப்ஐ பிரிவுக்கு ஒரு எழுத்தை ஒதுக்குங்கள். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையையும் அந்த எழுத்தையும் கொடுத்தால், பூட்லோடர் கோப்புகளை அது புதிதாக எழுதிவிடும். அந்தத் திரையில் விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்து சி ஆகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே பார்த்து உறுதிசெய்யுங்கள். முன்பு சொன்ன இஎஃப்ஐ நகல் கையில் இருந்தால், அதிலுள்ள மைக்ரோசாஃப்ட் கோப்புறையைப் பழைய இடத்தில் திரும்ப வைப்பதே பெரும்பாலும் போதும்.

கிரப் மெனு வருகிறது, ஆனால் அதில் விண்டோஸின் பெயர் இல்லை.

2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடிச் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும். அதுவரை, மெனு விடையில் சொன்ன எஃப்12 வழி இருக்கிறது.

லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது. முன்பு எழுதவும் முடிந்ததே?

புதிதாக நிறுவிய விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ திரும்பவும் இயங்கத் தொடங்கியிருக்கும். அணைப்பதுபோல் காட்டிவிட்டு, தன் நிலையை வட்டில் எழுதிவைத்து விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருப்பதால், லினக்ஸ் அதன் பிரிவில் எழுத மறுக்கிறது. அந்த மறுப்பு சரியானதே. கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் அதை அணைத்துவிட்டு, ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது.

தாய்ப்பலகைக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலக நேரத்தையும் எழுதுகின்றன. லினக்ஸில் டைம்டேட்கன்ட்ரோல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவது எளிது.

என்னிடம் இரண்டு லினக்ஸ். ஒன்றைத் திரும்பப் போட்டபின் மற்றது எழ ஒன்றரை நிமிடம் எடுக்கிறது.

நினைவகம் போதாதபோது பயன்படும், இரண்டுக்கும் பொதுவான ஸ்வாப் பிரிவைப் புதிய நிறுவி ஃபார்மட் செய்திருக்கும். அதனால் அதன் அடையாள எண் மாறியிருக்கும். பழைய லினக்ஸ், எழும்போது இணைக்க வேண்டிய பிரிவுகளின் பட்டியலான தன் எஃப்எஸ்டேப் கோப்பிலுள்ள பழைய எண்ணைத் தேடி, 90 நொடிகள் காத்திருந்துவிட்டுத்தான் மேலே செல்கிறது. அந்தக் கோப்பில் புதிய எண்ணை எழுதினால் தீர்ந்தது. நிறுவும்போதே ஸ்வாப்பைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

பழைய லினக்ஸ் பென் டிரைவ் எழவே மாட்டேன் என்கிறது. ஷிம், எஸ்பேட் என்று ஏதோ பிழை வந்து அணைந்துவிடுகிறது.

பென் டிரைவில் குறை இல்லை. அதிலுள்ள லினக்ஸ் பழையது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட்லோடர்களை (லினக்ஸின் ஷிம் அவற்றுள் ஒன்று) செக்யூர் பூட் ஏற்கக் கூடாது என்று பல கணினிகளின் ஃபர்ம்வேரில் எழுதிவிட்டது. இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தவிர்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தும், அவற்றில் பலவற்றிலும் அது போய்ச் சேர்ந்தது. எஸ்பேட் எனப்படும் அந்தக் குறிப்பு விண்டோஸ் பிரிவில் இல்லை என்பதால், விண்டோஸை ஃபார்மட் செய்தாலும் அது நீங்காது.

அதே லினக்ஸின் புதிய ஐஎஸ்ஓவை இறக்கிப் பென் டிரைவில் எழுதுவதே நேரான வழி. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தும் எழுப்பலாம். ஆனால் அதற்கு முன், பிட்லாக்கர் விடையில் சொன்ன 48 இலக்க எண் தாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.